தந்திக் கம்பி முதல் தானியங்கி ஆலை வரை
அறிஞர் ஹாரி நைக்விஸ்ட் வாழ்வும் பணியும்

உலகில் பெரும் பெயர் பெற்ற விஞ்ஞானிகளை எண்ணும்போது நியூட்டன், ஐன்ஸ்டைன், எடிசன் முதலியோர் நம் நினைவுக்கு வருகின்றனர். பள்ளிப் பாடநூல்களும் அவர்களையே பெரிதும் பேசுகின்றன. ஆனால் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் தொலைபேசிக்கும், நம் அரியலூர் வட்டாரத்துச் சிமெண்ட் ஆலைகளின் தானியங்கிக் கட்டுப்பாட்டிற்கும், வானூர்தியை வழிநடத்தும் கணிப்பொறிக்கும் அடிப்படையான கணக்கை வகுத்துக் கொடுத்த ஒருவரைப் பற்றி நம் மாணவர் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பொறியியல் கற்போர் அவருடைய பெயரை ஒவ்வொரு நாளும் உச்சரிக்கின்றனர். அவரோ எளிய குடும்பத்தில் பிறந்து, கட்டுமானக் கூலியாக உழைத்துக் கப்பல் கட்டணம் சேர்த்து, அயல்நாடு சென்று கற்றவர். அவர் பெயர் ஹாரி நைக்விஸ்ட். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர் வரலாற்றைச் சொல்வது பொருத்தமுடையது எனக் கருதி இதனை எழுதுகின்றேன்.

இளமையும் வறுமையும்

ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள சுவீடன் நாட்டில், வார்ம்லாந்து என்னும் மாநிலத்தில், நில்ஸ்பி என்பது ஒரு சிற்றூர். அங்கு 1889-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள் ஹாரி பிறந்தார். அவருடைய பெற்றோருக்குப் பிள்ளைகள் எண்மர். உண்ண உணவும் உடுக்க உடையும் கிடைத்தாலே போதும் என்றிருந்த குடும்பத்தில் உயர்கல்வி என்பது எட்டாத கனியாகவே இருந்தது.

ஊர்ப் பள்ளியில் அவருக்குக் கற்பித்த ஆசிரியர் அச்சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டுகொண்டார். மேலே படிக்க வேண்டும் என்று ஊக்கினார். பெற்றோருக்கு விருப்பம் இல்லாமல் இல்லை, வசதிதான் இல்லை. அக்காலத்தில் சுவீடனின் ஏழை மக்கள் பல்லாயிரவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தனர். அந்நாட்டில் உழைத்துக்கொண்டே படிக்கலாம் என்ற செய்தி ஹாரியின் செவிக்கும் எட்டியது. ஆனால் கப்பல் கட்டணத்திற்கு எங்கே போவது? வேதிப்பொருள் தொழிற்சாலை ஒன்றின் கட்டுமானப் பணியில் கூலியாளாகச் சேர்ந்தார். சில ஆண்டுகள் உழைத்துக் காசு சேர்த்து, 1907-ஆம் ஆண்டு, தமது 18-ஆம் வயதில் கப்பலேறினார்.

அமெரிக்கா சென்றவுடன் பல்கலைக்கழகக் கதவு திறந்துவிடவில்லை. ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், 1912-இல்தான் வடக்கு டகோட்டாப் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. ஓர் ஆண்டு தேர்வில் தவறினாலோ, குடும்பச் சூழலால் ஈராண்டு படிப்பு நின்றாலோ, இனி நமக்குப் படிப்பில்லை என்று மனம் தளர்ந்துவிடும் நம் பிள்ளைகள் இந்த வயதைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலம் கடந்து தொடங்கியவர் விரைந்து நடந்தார். 1914-இல் மின் பொறியியலில் இளநிலைப் பட்டமும், 1915-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர்ப் புகழ்மிக்க யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1917-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஈண்டு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். நைக்விஸ்ட் பிறந்த ஈராண்டிற்குப் பின், 1891-இல் பிறந்தவர் அண்ணல் அம்பேத்கர். நைக்விஸ்ட் வடக்கு டகோட்டாவில் பயின்றுகொண்டிருந்த 1913-ஆம் ஆண்டில், பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, 22 வயது இளைஞராக நியூயார்க்கு நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்தார் அண்ணல். இருவரும் ஏழ்மையை அறிந்தவர்கள். ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. நைக்விஸ்டின் முன் நின்றது பணமில்லை என்ற தடை மட்டுமே. அவர் வகுப்பறைக்கு வெளியே அமர்த்தப்படவில்லை. பொதுக் குழாயில் தண்ணீர் குடிக்கத் தடுக்கப்படவில்லை. அண்ணலின் முன் நின்ற தடையோ இருமடங்கு. இதனை மறந்துவிட்டு, முயன்றால் எவரும் உயரலாம் என்று மட்டும் சொல்வது முழு உண்மை ஆகாது. தடையின் அளவை அறிந்தே நாம் முயல வேண்டும்.

தந்தியும் துடிப்பும்

முனைவர் பட்டம் பெற்ற அதே 1917-இல் நைக்விஸ்ட் அமெரிக்கத் தொலைபேசி தந்தி நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். 1934-இல் அவர் பணியாற்றிய பிரிவு பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்துடன் இணைந்தது. 1954-இல் ஓய்வு பெறும்வரை 37 ஆண்டுகள் ஒரே அமைப்பின் குடையின் கீழ் அவர் உழைத்தார்.

நம் நாட்டில் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் முடிவுக்கு வந்துவிட்டது. இன்றைய பிள்ளைகள் தந்தியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் தந்தி வந்தது என்றாலே வீட்டில் அழுகுரல் எழும். அத்தந்தி என்பது கம்பியின் வழியே விட்டு விட்டு அனுப்பப்படும் மின் துடிப்புகளின் தொகுதி. துடிப்புகளை எவ்வளவு விரைவாக அனுப்பலாம்? மிக விரைவாக அனுப்பினால் ஒன்றோடொன்று கலந்து செய்தி குழம்பிவிடுகிறது. இதற்கு எல்லை உண்டா என்பதே நைக்விஸ்ட் எடுத்துக்கொண்ட கேள்வி. 1924-இலும் 1928-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் அதற்கு விடை தந்தன. ஒரு தடம் நொடிக்கு 4000 அலைவுகள் வரை கொண்டுசெல்லும் என்றால், அதன் வழியே நொடிக்கு 8000 துடிப்புகள் வரை ஒன்றோடொன்று குழம்பாமல் அனுப்பலாம், அதற்குமேல் இயலாது. அலைவரம்பின் இருமடங்கே எல்லை என்பது அவர் கண்ட விதி.

இவ்விதியைத் திருப்பிப் பார்த்தால் மற்றோர் உண்மை கிடைக்கும். தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை நாம் இடைவிடாது பார்க்க வேண்டியதில்லை. அதன் மிக விரைவான அலைவைப்போல் இருமடங்கிற்கும் மிகுதியான தடவை பார்த்துக் குறித்துக்கொண்டால், விடுபட்ட இடங்களையும் கணக்கால் முழுமையாக நிரப்பிவிடலாம். இதனை விட்டேக்கர் 1915-இலும், கொத்தேல்நிக்காவ் 1933-இலும் தனித்தனியே கண்டனர். 1949-இல் கிளாட் ஷானன் தகவலியலின் அடித்தளமாக இதனை அமைத்தபோது, மாதிரிகளுக்கு இடையே இருக்கத்தக்க கால அளவுக்கு நைக்விஸ்டின் பெயரையே சூட்டினார்.

நம் வட்டாரத்து எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கொள்ளிடத்தின் நீர்மட்டத்தை ஒருவர் நாள்தோறும் காலை 6 மணிக்கு மட்டும் அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்கு நீர் பெருகி, விடியுமுன் வடிந்துவிட்டால், அவருடைய ஏட்டில் வெள்ளமே வந்திராது. அளவுகோலில் பிழை இல்லை. அளந்தவரிடமும் பிழை இல்லை. அளந்த இடைவெளியே பிழை. திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் சில நேரங்களில் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். நொடிக்கு 24 படங்கள் மட்டுமே எடுப்பதால் ஆரங்களின் விரைவைப் படச்சுருள் பிடிக்க முடியாமல் போவதே அதன் காரணம். போதாத மாதிரி உண்மையைக் குறைப்பதோடு நிற்பதில்லை, பொய்யையும் காட்டும்.

தொலைபேசியில் நம் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து எண்களாக்கி அனுப்பும் முறையும், இசைத்தட்டில் நொடிக்கு 44,100 முறை அளக்கும் முறையும் இவ்விதியை ஒட்டியே அமைந்தவை.

கம்பியின் இரைச்சல்

அதே 1928-இல் மற்றொரு பெரும் கண்டுபிடிப்பும் வெளியாயிற்று. மின்கடத்தி எதிலும், எவரும் பேசாதபோதும், மெல்லிய இரைச்சல் இருந்துகொண்டே இருப்பதை ஜான் ஜான்சன் என்னும் அறிஞர் அளந்து கண்டார். அதன் காரணத்தைக் கணக்கால் நிறுவியவர் நைக்விஸ்ட். கடத்தியின் வெப்பத்தால் மின் துகள்கள் ஓயாது அலைவதே அவ்விரைச்சல்; வெப்பம் மிகுந்தால் இரைச்சலும் மிகும். இந்த ஜான்சனும் சுவீடனில் பிறந்து குடிபெயர்ந்தவரே; அதே வடக்கு டகோட்டாவிலும் அதே யேலிலும் பயின்றவரே. குடிபெயர்ந்த இளைஞர் இருவரின் பெயரையும் சேர்த்தே அவ்விரைச்சலை உலகம் இன்று அழைக்கிறது.

ஊளையிடும் ஒலிபெருக்கி

நைக்விஸ்டின் பெயரை என்றும் நிலைக்கச் செய்த ஆய்வு 1932-இல் வெளிவந்தது. அதனைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் திருவிழாவுக்கோ பொதுக்கூட்டத்திற்கோ சென்றால் போதும். பேச்சாளர் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் அருகே கொண்டுசென்றால் காதைத் துளைக்கும் ஊளை எழுகிறது. பெருக்கியிலிருந்து வெளிவந்த ஒலி மீண்டும் வாங்கிக்குள் நுழைந்து, மேலும் பெருகி, மீண்டும் நுழைந்து, கட்டுக்கடங்காமல் போகிறது. வெளிவந்தது உள்ளே திரும்புவதைப் பின்னூட்டம் என்பர்.

ஹெரால்டு பிளாக் என்னும் பொறியாளர் 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நியூயார்க்கை அடுத்த ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது ஒரு கருத்தைக் கண்டார். வெளிவருவதன் ஒரு பகுதியை எதிர்த்திசையில் உள்ளே செலுத்தினால் பெருக்கியின் குறைகள் தாமே திருந்தும் என்பது அது. கையில் இருந்த செய்தித்தாளிலேயே அதனை வரைந்தும் வைத்தார். ஆனால் எதிர்ப் பின்னூட்டமும் சில வேளைகளில் ஊளையிட்டது. எப்போது அடங்கும், எப்போது ஊளையிடும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

அதற்கு நைக்விஸ்ட் கண்ட வழி மிக எளிமையானது. சுற்றுவழியை ஓரிடத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு முனையில் வெவ்வேறு விரைவுள்ள அலைகளைச் செலுத்த வேண்டும். ஒவ்வோர் அலையும் சுற்றி வந்து மறுமுனையை அடையும்போது எத்தனை மடங்கு பெருகியிருக்கிறது, எவ்வளவு பிந்தியிருக்கிறது என்று அளக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே வளைகோடாக வரைய வேண்டும். பிளாக்கின் பெருக்கி போன்ற அமைப்புகளில், அவ்வளைகோடு குறித்த ஒரு புள்ளியைச் சூழ்ந்துகொண்டால் அமைப்பு நிலைகுலையும், சூழாவிட்டால் நிலைபெறும். கடினமான சமன்பாடுகளைத் தீர்க்காமலே, அளந்து வரைந்த படத்தைக் கொண்டே தீர்ப்புக் கூறலாம். இன்றும் பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் கற்கும் நைக்விஸ்ட் வரைபடம் இதுவே.

விட்டு விட்டுப் பார்க்கும் காவலன்

இவ்விரு கண்டுபிடிப்புகளும், அதாவது மாதிரி எடுக்கும் விதியும் நிலைத்தன்மை விதியும், பின்னாளில் ஓரிடத்தில் சந்தித்தன. இரண்டாம் உலகப் போரில் ராடார்க் கருவி பயன்பட்டது. சுற்றிச் சுழலும் ராடார் எதிரி விமானத்தை இடைவிடாது காண்பதில்லை. ஒரு சுற்றுக்கு ஒருமுறையே காண்கிறது. அந்தத் துண்டுச் செய்திகளைக் கொண்டு இடைவிடாது இயங்கும் பொறியை எவ்வாறு செலுத்துவது? விடோல்டு ஹுரேவிச் என்னும் கணித அறிஞர் நைக்விஸ்டின் விதியை இத்தகைய அமைப்புகளுக்கும் விரித்து 1947-இல் வெளியிட்டார். 1952-இல் ஜான் ரகாசினி, லோட்ஃபி ஜாதே ஆகிய இருவரும் இவற்றை ஆராயும் முறையை ஒழுங்குபடுத்தி எழுதினர். அவர்கள் பணியாற்றிய இடம் அண்ணல் பயின்ற அதே கொலம்பியாப் பல்கலைக்கழகம். அப்பல்கலைக்கழகம் அண்ணலுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்ததும் அதே 1952-ஆம் ஆண்டிலேயே. 1959-இல் டெக்சாஸ் மாநிலத்துப் போர்ட் ஆர்தர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கணிப்பொறி நேரடியாக ஆலையை இயக்கத் தொடங்கியது.

கணிப்பொறியும் ராடாரைப் போன்றதே. அது விட்டு விட்டுத்தான் பார்க்கிறது. ஆனால் அது காவல் காக்கும் சூளையோ, கொதிகலனோ, நீர்த்தொட்டியோ இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எவ்வாறு எழுதுவது?

நீர்த்தொட்டி ஒன்றைக் காக்கும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவர் 10 நிமிடத்திற்கு ஒருமுறை மட்டத்தைப் பார்த்துத் திருகு குழாயைச் சரிசெய்கிறார். 6 மணிக்கு வைத்த நிலை 6.10 வரை அப்படியே நிற்கும். 6.01-இல் அம்முடிவு ஒரு நிமிடம் பழையது, 6.09-இல் ஒன்பது நிமிடம் பழையது. சராசரியாகப் பார்த்தால் 5 நிமிடம் பழையது. ஆகவே, விட்டு விட்டுப் பார்க்கும் இத்தொழிலாளியை, இடைவிடாது பார்த்தும் 5 நிமிடம் பிந்திச் செயற்படும் ஒருவராகக் கணக்கில் கொள்ளலாம். மாதிரி இடைவெளியில் பாதியே தாமதம் என்பது இதன் சுருக்கம். படிப்படியாக ஏறி இறங்கும் கணிப்பொறியின் கட்டளையை இவ்வாறு தொடர் காலக் கணக்காக மாற்றிவிட்டால், நைக்விஸ்டின் வளைகோட்டை அப்படியே பயன்படுத்தலாம்.

தொட்டியின் மட்டம் 60 நிமிடத்திற்கு ஒருமுறை ஏறி இறங்கும் இயல்புடையது என்க. ஒரு முழுச் சுற்று 360 பாகை. எனவே 5 நிமிடத் தாமதம் 30 பாகைக்குச் சமம். அந்த 30 பாகை, வளைகோட்டை ஆபத்தான புள்ளியின் பக்கம் திருப்புகிறது. 2 நிமிடத்திற்கு ஒருமுறை பார்த்தால் தாமதம் 1 நிமிடமே; அது 6 பாகைதான். அடிக்கடி பார்ப்பவனுக்குக் கைநடுக்கம் குறைவு. எப்போதோ பார்ப்பவன் அளவுக்கு மிஞ்சித் திருப்பி, ஏறியதை இறக்கவும் இறங்கியதை ஏற்றவுமாக அல்லற்படுவான். இக்கணக்கு, மாற்றத்தை நோக்கப் பார்வை விரைவாக இருக்கும்போதே பொருந்தும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். பார்வைக்கும் பார்வைக்கும் இடையே நிகழ்வது பார்க்கும் கணங்களை மட்டும் கொண்ட கணக்கில் தோன்றாது. தொடர் காலக் கணக்கின் தேவை அங்கேதான் புலப்படுகிறது.

அரியலூர் வட்டாரத்துச் சிமெண்ட் ஆலையின் சுழல் சூளையில் சுண்ணாம்புக்கல் கலவை ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பத்தில் வேகிறது. அதன் வெப்பத்தையும், உட்செல்லும் கலவையையும், எரிபொருளையும் கட்டுப்பாட்டு அறையின் கணிப்பொறிகள் விட்டு விட்டுப் பார்த்து ஒழுங்கு செய்கின்றன. நில்ஸ்பியில் பிறந்த கூலித் தொழிலாளி ஒருவரின் கணக்கு நம் மண்ணிலும் வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை.

பண்பும் இறுதியும்

நைக்விஸ்ட் தம் வாழ்நாளில் 138 காப்புரிமைகள் பெற்றவர். படங்களைக் கம்பி வழியே அனுப்பும் கருவியை அவர் நிறுவனம் 1924-இல் உலகுக்குக் காட்டியபோது, அதற்காக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும் அவர் தம்மை முன்னிறுத்திக் கொண்டவர் அல்லர். பெல் ஆய்வுக்கூடத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்வதுண்டு. அங்கே மிகுதியாகக் காப்புரிமை பெற்றவர்களுக்குள் பொதுவான இயல்பு யாது என ஆராய்ந்தார்களாம். அவர்கள் பெரும்பாலும் நைக்விஸ்டோடு அமர்ந்து உணவு உண்பவர்கள் என்று தெரிந்ததாம். அவர் பிறருக்கு விடை சொல்லவில்லை. நல்ல கேள்வி கேட்டு அவர்களையே சிந்திக்க வைத்தார். ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில், இதைவிட உயர்ந்த கற்பித்தல் இல்லை என்றே கூறுவேன்.

ஓய்வுக்குப் பின்னரும் அவர் ஆலோசகராகப் பணி செய்தார். 1960-இல் வானொலிப் பொறியாளர் கழகத்தின் உயரிய பதக்கமும், 1975-இல் கட்டுப்பாட்டியலுக்கான ஓல்டன்பர்கர் பதக்கமும் அவரை நாடி வந்தன. 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்து ஹார்லிங்கன் நகரில், தமது 87-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

நம் இளைஞர்களுக்கு

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் ஆலை வாயில்களிலும் நம் மக்கள் பலர் உடலுழைப்பால் வாழ்ந்திருக்கின்றனர். கல்லுடைத்த கையின் பிள்ளைகள் கட்டுப்பாட்டு அறையில் அமர வேண்டும் என்பதே இச்சங்கம் போன்ற அமைப்புகள் தோன்றியதன் நோக்கம். அவ்வறையின் திறவுகோல் கணக்கு. ஆனால் கணக்கு நமக்கு வராது என்று கூறிக்கொண்டு பத்தாம் வகுப்போடு அதனைக் கைவிடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கின்றேன். அது பிள்ளைகள் தாமே கண்ட உண்மை அன்று. பிறர் சொல்லிச் சொல்லி அவர்கள் உள்ளத்தில் ஏற்றியது. ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு பிள்ளையின் அறிவை அளப்பது, நாளைக்கு ஒருமுறை பார்த்துக் கொள்ளிடத்தின் வெள்ளத்தை அளப்பது போன்றதே ஆகும்.

நைக்விஸ்ட் கூலி வேலை செய்து கப்பல் கட்டணம் சேர்த்தார். நமக்கோ 1944 முதல் மேல்நிலைக் கல்வி உதவித்தொகை என்னும் உரிமை உண்டு. அது எவரும் இட்ட பிச்சை அன்று. போராடிப் பெற்ற உரிமை. அதனை முறையாகப் பயன்படுத்துங்கள். பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பாடத்தைத் துணிந்து எடுங்கள். தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் தம்பி தங்கையர், கருவியை இயக்கக் கற்பதோடு நின்றுவிடாமல், அக்கருவி ஏன் அவ்வாறு இயங்குகிறது என்றும் கேளுங்கள். சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் மாலைநேரப் பாட வகுப்புகளில் கணக்கிற்கென ஒரு நாழிகையேனும் ஒதுக்க முன்வர வேண்டுகிறேன். இச்சங்கத்தின் பொன்விழா மலரில், ஆலையின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நம் பிள்ளை ஒருவர் இதே பொருளைப் பற்றி என்னினும் சிறப்பாக எழுத வேண்டும் என்பதே என் விருப்பம்.